அத்தாட்சி யார் பொறுப்பு?



ஒரு நாடு யாரைத் தன்னவராக ஏற்பது என்பதற்குப் பிறப்பு, வமிசம், வசிப்பு என்று பல அளவுகோல்கள் சொல்லப்படுகின்றன. இந்திய வம்சாவளித் தொழிலாளர் வாழும் பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைத் தோட்டங்களின் வரலாறோ வேறொன்றைக் கேட்கிறது: அத்தாட்சி காட்டும் பொறுப்பு யாருடையது? 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம், தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததைக் காட்டச் சொன்னது. தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர் பூட்டனின் பிறப்புப் பதிவுக்கு எங்கே போவார்? 1949ஆம் ஆண்டுச் சட்டம் பார்வைக்குத் தாராளமானது. 1946க்கு முன் மணமானவர் 7 ஆண்டும் மற்றவர் 10 ஆண்டும் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும் என்றது. கொள்கையில் பெரிய குறையில்லை. ஆனால் வசிப்பைக் காட்டும் செக்ரோல் என்ற வேலைப் பதிவேடு தோட்டத்து ஆபீசில், துரையின் கையில். இந்தியாவிலுள்ள ஊருக்குப் போய்வந்தவருக்குத் ‘தொடர்ந்து’ என்ற சொல்லே வினையானது. சுமார் 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக மனுக்கள் போயின. ஏறக்குறைய 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே தேறினார்கள். 1964 ஒக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் பெரும்பாலோரைப் பங்கிட்டபோது, அவர்களில் எவரையும் யாரும் கேட்கவில்லை.

யாரைச் சேர்ப்பது என்பது இறைமையுள்ள நாட்டின் உரிமையல்லவா என்பார்கள். உரிமைதான், 1953இல் பிரிவிக் கவுன்சிலும் அப்படியே சொன்னது. ஆனால் வாசலில் நிற்பவரைப் பற்றிய தீர்மானம் வேறு, அரசு பார்த்திருக்க அழைத்துவரப்பட்டு, 1947இல் வாக்களித்து 7 உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியவரைப் பற்றிய தீர்மானம் வேறு. பத்திரம் கேட்காவிட்டால் களவாக வந்தவரும் நுழைவாரே என்பது இன்னொரு வாதம். அந்த அச்சத்தில்தான் ‘கள்ளத்தோணி’ என்ற வசை பிறந்தது. வாக்காளர் இடாப்பும் குடிசன மதிப்பீடும் அரசின் அலுமாரியிலேயே இருந்தன. புரட்டிப் பார்த்திருக்கலாம்.

2003இல் சட்டம் திரும்பியது. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினரும் அவர்கள் சந்ததியாரும் பிரசைகள் என்றது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவருக்கு ஒரு பிரகடனம் போதுமானது. நாடு கவிழ்ந்துவிடவில்லை. ஆனால் பிரசாவுரிமை வந்த பிறகும் லயக் காம்பிராவுக்குக் காணி உறுதி வரவில்லை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியபோது, புதையுண்டவர்கள் பிரசைகளே.

பட்டம் பெறும் இளையோரே, உங்களில் சிலர் நாளை பிரதேச செயலகங்களில் அமர்வீர்கள். பத்திரமில்லாத விண்ணப்பம் மேசைக்கு வந்தால், அதைத் திருப்பி அனுப்புமுன் உங்கள் அலுமாரியைத் திறந்து பாருங்கள்.