கொள்ளைநோயும் நம் மதிப்பீடும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இசையும் நாடகமும் நடைபெறவிருக்கும் விழா மேடையில் கொள்ளைநோயைப் பற்றிப் பேச வேண்டுமா என்று சிலர் எண்ணக்கூடும். நோய் வாயிலில் வந்து நிற்கும்போது அமைதியாகச் சிந்திக்க எவராலும் இயலுவதில்லை. அச்சம் நீங்கி உள்ளம் தெளிந்திருக்கும் காலமே அதனை ஆராய்வதற்கு ஏற்ற காலம். 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் நாம் பட்ட துன்பங்களை மெல்ல மெல்ல மறந்து வருகிறோம். முற்றும் மறக்கும் முன்னர், அன்று எடுத்த நடவடிக்கைகளுள் எது பயன் தந்தது, எது தரவில்லை என்பதை அறியும் வழியைப் பற்றிச் சில சொல்ல விழைகிறேன்.

கொரோனாக் காலத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், "வாயிற்கதவை மூடினோம், பிழைத்தோம்" என்பார் ஒருவர். "ஊரடங்கு போட்டார்கள், ஆயினும் நோய் பரவத்தான் செய்தது, எல்லாம் வீண்" என்பார் மற்றொருவர். இருவரும் ஒரே தவற்றைத்தான் செய்கின்றனர். ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்த காரணத்தாலேயே முன்னது பின்னதற்குக் காரணம் ஆகிவிடாது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நாம் குழந்தைப் பருவத்திலேயே கேட்டிருக்கிறோம். கொள்ளைநோயோ ஏறுவதும் இறங்குவதுமாக அலைபோல் வருவது. அது இறங்கும் வேளையில் எந்தக் காக்கை வந்து அமர்ந்தாலும் பழத்தை வீழ்த்திய பெருமை அதற்கே கிடைத்துவிடும். ஆகவே, "இதைச் செய்த பின் என்ன நடந்தது?" என்று கேட்பது மட்டும் போதாது. "இதைச் செய்யாதிருந்தால் என்ன நடந்திருக்கும்?" என்றும் கேட்க வேண்டும்.

இக்கேள்விக்கு விடை காணும் முறையை நாம் வாழும் இந்த மும்பை மாநகரமே ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் உலகுக்குக் காட்டியது. 1896-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், மாண்டவிப் பகுதியில் பிளேக் நோய் கண்டறியப்பட்டது. ஹாஃப்கின் என்னும் அறிஞர் இந்நகரிலேயே அதற்குத் தடுப்பூசி மருந்து செய்து, 1897 சனவரி 10-ஆம் நாள் முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். அம்மாத இறுதியில் பைகுல்லா சிறைச்சாலையில் நோய் புகுந்தது. கைதிகளுள் விரும்பி முன்வந்தவர்களுக்கு ஊசி போடப்பட்டது. ஏறத்தாழப் பாதிப்பேர் போட்டுக்கொண்டனர். அதன்பின் ஊசி போடாதவர்களுள் 12 பேருக்கு நோய் கண்டு 6 பேர் இறந்தனர். போட்டுக்கொண்டவர்களுள் இருவருக்கே நோய் கண்டது, ஒருவரும் இறக்கவில்லை. ஒரே கூரை, ஒரே உணவு, ஒரே நோய். வேறுபாடு ஊசி ஒன்றுதான். விரும்பி வந்தவர் வேறு, வராதவர் வேறு அல்லவா என்று இன்றைய அறிஞர் ஒரு குறை கூறலாம். எனினும் ஒத்தவர்களை ஒத்தவர்களோடு ஒப்பிட வேண்டும் என்னும் முதற்பாடம் அச்சிறைச் சுவர்களுக்குள் எழுதப்பட்டுவிட்டது.

அக்குறையையும் களைந்து, முகக்கவசத்தைச் சோதித்தவர்கள் நம் அண்டை நாடான வங்காளதேசத்தில் ஆராய்ந்தவர்கள். 2020 நவம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை 600 கிராமங்களில் அச்சோதனை நடந்தது. சீட்டுக் குலுக்குவது போலத் தேர்ந்தெடுத்த பாதிக் கிராமங்களில் இலவசமாக முகக்கவசம் வழங்கி, அணியுமாறு எடுத்துரைத்தனர். மற்றப் பாதியை இயல்பாக விட்டனர். எடுத்துரைத்த ஊர்களில் முறையாக அணிந்தோர் நூற்றுக்கு 42 பேர். மற்ற ஊர்களில் 13 பேர். அறிகுறியோடு கூடிய தொற்று நூற்றுக்கு 9 பங்கு அளவு குறைந்தது. மருத்துவர் அணியும் வகைக் கவசம் வழங்கிய ஊர்களில், 60 வயதைக் கடந்தோரிடம் நூற்றுக்கு 35 பங்கு அளவு குறைந்தது. "முகக்கவசமே காத்தது" என்பாரும் "முகக்கவசம் வெறும் துணி" என்பாரும் இவ்வெண்களைக் கண்டு சற்று அடங்க வேண்டியவர்களே. பயன் உண்டு, அதற்கு ஓர் அளவும் உண்டு.

இரண்டாவது பாடம், நோய் பரவும் வழியை அறியாமல் எடுக்கும் நடவடிக்கை எவ்வளவு கடுமையாக இருந்தாலும் பயன் தராது என்பது. பிளேக் காலத்தில் இந்நகரின் சாக்கடைகளிலும் வீடுகளிலும் கார்பாலிக் மருந்தைக் கொட்டினார்கள்; கூரை ஓடுகளைப் பிரித்தார்கள்; ஏழைகளின் துணிமணிகளைக் கொளுத்தினார்கள்; நோயாளிகளை வீட்டிலிருந்து பிரித்துக்கொண்டு சென்றார்கள். அதிகாரிகள் பகையை அறியாமலே போர் தொடுத்தார்கள். எலியிடமிருந்து மனிதனுக்கு நோயைக் கொண்டுவருவது தெள்ளுப்பூச்சி என்பதை சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1898-ஆம் ஆண்டில்தான் வெளியிட்டார். அதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவிய சோதனைகள் இம்மும்பையில் 1905-க்குப் பின்னரே நடந்தன. இதற்கிடையே கொடுமைக்கு அஞ்சி மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் நகரைவிட்டு ஓடினர். பலரோடு நோயும் ஊர் ஊராகச் சென்றது. புனேயில் வீடு புகுந்து சோதித்த முறையால் மக்கள் கொதித்தெழுந்தனர். பிளேக் அதிகாரி ராண்டு 1897 சூன் 22-ஆம் நாள் சுடப்பட்டார். மக்களின் நம்பிக்கையை இழந்த நடவடிக்கை, நோயை மறைக்கவே மக்களுக்குக் கற்றுக்கொடுக்கும்.

இவையெல்லாம் பழங்கதை என்று நாம் எண்ணிவிட வேண்டா. 2020 மார்ச்சு மாதத்தில், ஊர் திரும்பிய தொழிலாளர்களைப் பரேலி நகரில் சாலையில் உட்கார வைத்துக் கிருமிநாசினி நீரைப் பீய்ச்சி அடித்தார்கள். நாமும் காய்கறிகளைச் சோப்பு நீரில் கழுவினோம். செய்தித்தாளை வெயிலில் காய வைத்தோம். தொற்று பெரும்பாலும் காற்றின் வழியாகவே பரவுகிறது, பொருள்களைத் தொடுவதால் பரவும் வாய்ப்பு மிகக் குறைவு என்பது பின்னரே தெளிவாயிற்று. தெரியாத காலத்தில் எச்சரிக்கையாக இருந்தது தவறன்று. தெரிந்த பின்னும் சன்னலைத் திறக்காமல் காய்கறியையே கழுவிக்கொண்டிருந்தால் அது பழக்கமே தவிரப் பாதுகாப்பு அன்று.

மூன்றாவது பாடம் நம்மை நேரே தொடுவது. 2020 சூலை மாதத்தில் இம்மாநகரின் மூன்று வட்டங்களில் மக்களின் குருதியைச் சோதித்தார்கள். குடிசைப் பகுதிகளில் நூற்றுக்கு 57 பேருக்கும், மற்றக் குடியிருப்புகளில் நூற்றுக்கு 16 பேருக்கும் தொற்று வந்து போன அடையாளம் காணப்பட்டது. "நாம் கட்டுப்பாட்டோடு இருந்தோம், அவர்கள் இருக்கவில்லை" என்று இதற்குப் பொருள் கூறியவர்கள் உண்டு. அன்பர்களே, ஓர் அறையில் எட்டுப் பேர் வாழ்ந்து, பொதுக் கழிவறைக்கு வரிசையில் நிற்பவர்க்கு விலகி இருக்க இடம் ஏது? மாதச் சம்பளம் வீடு தேடி வந்தவர்க்கும் அன்றாடக் கூலியை நம்பியவர்க்கும் ஊரடங்கு ஒன்றாக இருந்ததா? ஒவ்வாதவற்றை ஒப்பிட்டு நமக்கு நாமே நற்சான்று வழங்கிக்கொள்வது நியாயம் ஆகாது.

நம் தமிழ் மக்கள் பலர் வாழும் தாராவியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஏப்ரல் 1-ஆம் நாள் அங்கு முதல் நோயாளி கண்டறியப்பட்டார். மாநகராட்சி ஊழியரும் அப்பகுதி மருத்துவர்களும் வீடு வீடாகச் சென்று காய்ச்சல் பார்த்தனர். பள்ளிக்கூடங்களைத் தனித்திருக்கும் இடங்களாக மாற்றினர். சில மாதங்களில் நோய் தணிந்தது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் தலைவரும் பாராட்டினார். அவ்வுழைப்பை நான் சிறிதும் குறைத்துப் பேசவில்லை. எனினும் பல்லாயிரவர் ஊருக்குச் சென்றுவிட்டதும், தெரியாமலே பலருக்குத் தொற்று வந்து போயிருக்கக்கூடும் என்பதும் அக்கணக்கில் சேர வேண்டியவை. 2021-இல் அலை மீண்டும் எழுந்ததையும் மறத்தல் ஆகாது. பாராட்டுவதற்கு உள்ளம் போதும். மதிப்பிடுவதற்குக் கணக்கும் வேண்டும்.

கணக்கு என்றதும் நான்காவது பாடம் எழுகிறது. சோதனை மிகுந்தால் நோயாளிகளின் எண்ணிக்கை மிகும். சோதனை குறைந்தால் அதுவும் குறையும். ஆதலால் வழக்கமாக நிகழும் இறப்புகளைவிட எத்தனை கூடுதலாக நிகழ்ந்தன என்று பார்ப்பதே உறுதியான அளவுகோல். 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் நம் நாட்டில் கூடுதலாக ஏறத்தாழ 47 இலட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2022 மே மாதத்தில் மதிப்பிட்டது. அரசின் பதிவில் இருந்த கோவிட் இறப்புகள் ஏறத்தாழ 4.8 இலட்சம். அம்மதிப்பீட்டின் முறையை நம் அரசு ஏற்கவில்லை. இறப்பு ஒவ்வொன்றும் ஒழுங்காகப் பதிவாகியிருந்தால் இவ்வளவு பெரிய கருத்து வேறுபாட்டுக்கு இடமே இருந்திராது.

அக்கணக்கின் மறுபக்கமும் உண்டு. பல குடியிருப்புகளில் வீட்டுவேலை செய்யும் பெண்களை உள்ளே விடவில்லை. கதவை மூடியதால் உள்ளிருந்தோருக்குப் பயன் விளைந்திருக்கலாம். அதற்கு விலை கொடுத்தவர்களோ வெளியே நின்றார்கள். பயனை ஒரு வீட்டிலும் செலவை இன்னொரு வீட்டிலும் எழுதிவிட்டு, இலாபம் என்று கூறுவது எந்த வணிகனும் ஒப்பாத கணக்கு.

ஆகவே சங்கத்தாருக்கும் குடியிருப்புக் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள். மீண்டும் ஒரு கொள்ளைநோய் வருமாயின், ஒவ்வொரு கட்டுப்பாட்டையும் விதிக்கும் நாளிலேயே நான்கு செய்திகளைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்: இது நோயின் எந்த வழியை அடைக்கிறது? யாருக்குப் பயன்? யாருக்கு இழப்பு? இழப்புக்கு ஈடு என்ன? கட்டுப்பாட்டின் பயன் தெரியச் சில வாரங்கள் செல்லும்; ஆதலால் மூன்று வாரங்களுக்கு ஒருமுறை அக்குறிப்பை எடுத்துப் பார்த்து, பயனற்றதை நீக்குங்கள். வேலைக்கு வர வேண்டா என்று சொல்லும் நாளிலேயே சம்பளம் தொடரும் என்றும் சொல்லுங்கள்.

நோயை வெல்வது மருத்துவர் கையிலும் அரசின் கையிலும் இருக்கலாம். நேர்மையாகக் கணக்குப் பார்ப்பது நம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது.