கேள்வியைக் குறையுங்கள், கொஞ்சம் காத்திருங்கள்

பேச்சுப் பயிற்சி என்றதும் நாக்கைச் சுழற்றுவது, ‘ல’, ‘ள’, ‘ழ’வைத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதுவும் உண்டு. ஆனால் இரண்டரை வயதாகியும் பேசாத பிள்ளையைக் கூட்டி வந்தால், நான் முதலில் கேட்பது காதுப் பரிசோதனை முடிந்ததா என்றுதான். பிறந்த சில நாட்களிலேயே, குழந்தை தூங்கும்போதே செய்துவிடலாம். சத்தத்துக்குத் திரும்புகிறானே என்று விட்டுவிடாதீர்கள். கதவு அறைந்தால் திரும்பும் பிள்ளைக்கும் ‘ஸ’, ‘ச’ போன்ற மெல்லிய ஒலிகள் எட்டாமல் இருக்கலாம்.

காது சரியாக இருந்தால் அடுத்தது வீட்டுப் பேச்சு. ஒரு பாட்டி பேரனோடு வந்திருந்தார்கள். வந்ததிலிருந்து கேள்விமேல் கேள்வி. “இது என்னடா தங்கம்? பஸ் சொல்லு. சொல்லு பார்ப்போம்.” பையன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பாசத்தில் கேட்டதுதான், அவனுக்கோ அது பரீட்சை.

நான் சோப்புக் குமிழி டப்பாவை எடுத்து இரண்டு முறை ஊதினேன். மூடியை இறுக்கி அவன் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தேன். திருகினான், முடியவில்லை. டப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பாட்டிக்குப் பொறுக்கவில்லை, “ஊதணுமாம்” என்று வாயெடுத்தார்கள். கையமர்த்தினேன். மனசுக்குள் பத்து வரை எண்ணிப் பாருங்கள் நேயர்களே, அது எவ்வளவு நீளம் என்று தெரியும். டப்பாவை என்னிடம் நீட்டி “ஊ” என்றான். “ஊது! இதோ ஊதறேன்” என்று உடனே ஊதினேன். அந்த “ஊ”வைத் திருத்த வேண்டாம். முழுச் சொல்லை நாம் சொல்லிக்காட்டினால் போதும். என் தொழிலில் எனக்கு மிகப் பிடித்தது, பேசுவதற்கு முன் பிள்ளை நம் முகத்தைப் பார்க்கும் அந்தப் பார்வைதான். இவரிடம் கேட்டால் கிடைக்கும் என்று புரிந்தபிறகே சொல்லுக்குத் தேவை வருகிறது.

வீட்டில் இப்படிப் பிள்ளையைக் கேட்கவைக்க, இறுக மூடிய முறுக்கு டப்பா போதும். பாலையும் தண்ணீரையும் காட்டி, “பால் வேணுமா, தண்ணி வேணுமா?” என்று கேட்டு நிறுத்துங்கள். குளிப்பாட்டும்போது “தண்ணி ஊத்தறேன், கால் கழுவறேன்” என்று செய்வதைச் சொல்லிக்கொண்டே இருங்கள். செல்போன் வீடியோ எவ்வளவு பேசினாலும் பிள்ளையின் பதிலுக்காக நிற்பதில்லை.

ஒரு வயதையொட்டி முதல் சொல்லும், இரண்டு வயதில் “அம்மா வா” போன்ற இரண்டு சொல் பேச்சும் வர வேண்டும். வராவிட்டால், “அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்” என்று இருந்துவிடாதீர்கள். நாக்கில் வசம்பு தேய்த்து நாளைக் கடத்தவும் வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள்.

திக்கிப் பேசுகிறவர்களிடமும், பக்கவாதத்தில் பேச்சு தடைப்பட்ட பெரியவர்களிடமும் இதேபோல் காத்திருங்கள். அவர்கள் தொடங்கிய வாக்கியத்தை நீங்கள் முடித்துவிடாதீர்கள். இன்றிரவு சோறூட்டும்போது கதை சொல்லிக்கொண்டே நடுவில் சற்று நிறுத்தி, பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.