அயலூர் மர்மக் கதைகளும் ஜப்பானியச் சித்திரப் படங்களும்



சில ஆண்டுகளுக்கு முன் குளுவாங்கை அடுத்த ஒரு தோட்டத்து மண்டபத்தில் திரைப்படம் ஒன்று காட்டினார்கள். ரப்பர்த் தோட்டத்தில் நடக்கும் மர்மக் கதை. கதாநாயகி உச்சி வெயிலில் மரத்தடியில் நின்று, பாட்டுப் பாடிக்கொண்டே மரம் சீவுகிறாள். பால் அருவிபோல் மங்கில் விழுகிறது. மண்டபமே சிரித்தது. அடுத்த காட்சியில் வில்லன் கத்தியோடு வந்து நின்றான். அப்போதும் சிரிப்பு அடங்கவில்லை. பயப்பட வேண்டிய இடத்தில் ஒருவரும் பயப்படவில்லை.

வெயில் ஏற ஏறப் பால் ஓட்டம் குறையும், ஆகவே விடியுமுன் நிரைக்குப் போய்விட வேண்டும் என்பது ஆயாக் கொட்டகைப் பிள்ளைக்கும் தெரியும். படம் எடுத்தவருக்குத் தெரியவில்லை. அது காதல் கதையாக இருந்திருந்தால் நாமும் பெரிதுபடுத்தியிருக்க மாட்டோம். மர்மக் கதையில் அப்படி விட முடியாது. காலை 5 மணிக்கு யார் எங்கே நின்றார், எந்தக் கதவு திறந்திருந்தது, நாய் ஏன் குரைக்கவில்லை என்று கேட்டுக் கேட்டு நகர்வதுதான் துப்பறியும் கதை. ஊரின் பழக்கத்தைத் தவறாகச் சொன்னால் துப்பும் தவறாகிவிடுகிறது.

அப்படியானால், தான் பிறக்காத நாட்டில், தான் பேசாத மொழி பேசுவோர் நடுவே, ஒருவர் மர்மக் கதை சொல்லத் துணிந்தால் என்ன ஆகும்? அந்தத் துணிச்சலுக்குப் பேர்போனவர்கள் ஜப்பானியச் சித்திரப் படக்காரர்கள். அனிமே என்று நம் வீட்டுப் பிள்ளைகள் சொல்கிறார்களே, அதுதான். பையன் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தால், "பொம்மைப் படம் பார்க்கிறான்" என்று சொல்லிவிட்டு நாம் சோற்றுப் பானையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அவன் பார்ப்பது என்ன என்பதைத்தான் இன்று கொஞ்சம் பேசப் போகிறோம்.

பெரியவர்கள் சிலருக்கு முதலிலேயே ஒரு கசப்பு உண்டு. "ஜப்பான்காரன் படமா?" என்பார்கள். அந்தக் கசப்புக்குக் காரணம் இருக்கிறது. 1943இல் ஜப்பானில் 'மலாயாவின் புலி' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு திரைப்படம் வந்தது. அது சித்திரப் படமல்ல. நடிகர்கள் நடித்த போர்க்காலப் பிரசாரப் படம். ஜப்பானில் பிறந்து திரெங்கானுவில் வளர்ந்த தானி யுத்தாகா என்ற மனிதரின் வாழ்க்கையை வைத்து, அவரை ஒரு வீரராக்கிக் காட்டியது. நம் மண்ணைக் களமாகக் கொண்ட கதை. அதே 1943இல்தான் ஜொகூர்த் தோட்டங்களிலிருந்தும் மற்ற மாநிலத் தோட்டங்களிலிருந்தும் தமிழர்களை லாரியிலும் ரயிலிலும் ஏற்றிக்கொண்டு போய், சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட வைத்தார்கள். திரும்பாதவர்கள் எத்தனை பேர் என்பதை ஒவ்வொரு குடும்பமும் தன் கணக்கில் வைத்திருக்கிறது. பிரசாரப் படத்தில் அவர்களுக்கு இடமிருக்க நியாயமில்லை. ஒரு நாட்டைத் திரையில் காட்டுவது வேறு, அங்கே வாழும் மனிதரைப் பார்ப்பது வேறு.

போருக்குப் பிந்திய தலைமுறையில் வேறொரு பழக்கம் வளர்ந்தது. 1974இல் 'ஹெய்டி' என்ற சித்திரத் தொடர் ஜப்பானியத் தொலைக்காட்சியில் வந்தது. சுவிட்சர்லாந்து மலையில் தாத்தாவோடு வாழும் ஒரு சிறுமியின் கதை. அதை இயக்கிய இசாவோ தாக்காஹாத்தாவும், அவருடன் வேலை செய்த ஹாயாவோ மியாசாக்கி, யோய்ச்சி கோத்தாபே ஆகியோரும் முந்திய ஆண்டே சுவிட்சர்லாந்துக்குப் போய், மலையையும் வீட்டையும் நேரில் பார்த்து வந்து வரைந்தார்கள். குழந்தைகள் தொடருக்கு இவ்வளவு பாடா என்று அன்று கேட்டவர்களும் இருந்திருப்பார்கள். அந்தப் பழக்கம் பிறகு திகில் கதைகளுக்கும் வந்து சேர்ந்தது.

அவற்றுள் நாங்கள் முதலில் வைப்பது 'மான்ஸ்டர்'. நவோகி உராசாவா என்பவர் 1994 முதல் 2001 வரை பத்திரிகையில் எழுதி வரைந்த படக்கதை. நூலாக 18 தொகுதிகள். மாட்ஹவுஸ் என்ற நிறுவனம், மசாயுக்கி கோஜிமாவின் இயக்கத்தில், 2004 ஏப்ரல் முதல் 2005 செப்டம்பர் வரை 74 பகுதிகளாக அதைச் சித்திரத் தொடராக்கியது. கதை ஜப்பானில் நடக்கவில்லை. ஜெர்மனியில் தொடங்கி, செக் நாட்டின் பிராக் நகர்வரை போகிறது.

1986ஆம் ஆண்டு. டூசல்டோர்ஃப் நகர மருத்துவமனையில் கென்ஸோ டென்மா என்ற ஜப்பானிய மூளை அறுவை மருத்துவர் வேலை பார்க்கிறார். டூசல்டோர்ஃபில் ஒரு ஜப்பானியர் எப்படி என்று கேட்க வேண்டாம். போருக்குப் பிறகு ஜப்பானிய நிறுவனங்கள் பல அங்கே கிளை திறந்தன. ஜப்பானியர் பெருந்தொகையாகக் குடியேறிய நகரம் அது. கதை காலூன்றிய இடமே சரியான இடம்.

ஓரிரவு ஒரு துருக்கியக் கட்டடத் தொழிலாளியை அடிபட்ட நிலையில் கொண்டு வருகிறார்கள். டென்மா அவருக்கு அறுவை செய்யத் தயாராகும்போது மேலிடத்திலிருந்து உத்தரவு வருகிறது: பேர்பெற்ற பாடகர் ஒருவர் வந்திருக்கிறார், முதலில் அவரைக் கவனி. டென்மா போகிறார். பாடகர் பிழைக்கிறார், பத்திரிகைகள் புகழ்கின்றன. பின்னால் வந்தவருக்கு முன்னால் வைத்தியம் நடந்ததால் தொழிலாளி இறந்துபோகிறார். மறுநாள் அவருடைய மனைவி, பிள்ளையோடு வந்து, டென்மாவைப் பிடித்து உலுக்கி, "என் புருஷனைத் திருப்பிக் கொடு" என்று அழுகிறாள்.

நேயர்களே, இந்த இடத்தில் நாங்கள் படத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம். நம்மில் யார் வீட்டில் இப்படி ஒரு கதை இல்லை? டோக்கன் எடுத்துக் காத்திருந்தவர்கள், "பெரிய டாக்டர் வேறு வேலையாய் இருக்கிறார்" என்று கேட்டவர்கள், ஒன்றும் கேளாமல் திரும்பி வந்தவர்கள். எங்கோ டோக்கியோவில் உட்கார்ந்து வரைந்தவருக்கு அந்தப் பெண்ணின் முகம் எப்படித் தெரிந்தது?

அவள் ஏன் துருக்கியப் பெண்ணாக இருக்கிறாள் என்பதும் கவனிக்கத்தக்கது. 1961இல் மேற்கு ஜெர்மனி துருக்கியோடு ஓர் ஒப்பந்தம் செய்து, தொழிற்சாலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் கட்டட வேலைக்கும் ஆள் எடுத்தது. 'விருந்தாளித் தொழிலாளர்' என்று பெயர் வைத்தார்கள். விருந்தாளிக்குக் கிடைத்தது விடுதிக் கட்டில்தான், அது வேறு விஷயம். 1973இல் ஆளெடுப்பை நிறுத்தினார்கள். வந்தவர்களில் பலர் அங்கேயே தங்கிக் குடும்பம் நடத்தினார்கள். கங்காணியை நம்பிக் கப்பலேறி வந்தவர்களின் பேரப் பிள்ளைகளுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

பிறகு வேறோர் இரவு. தலையில் குண்டு பாய்ந்த ஒரு சிறுவனை முதலில் கொண்டு வருகிறார்கள். அடுத்து நகர மேயர் வருகிறார். மறுபடியும் அதே உத்தரவு. இம்முறை டென்மா கீழ்ப்படியவில்லை. சிறுவனைக் காப்பாற்றுகிறார், மேயர் இறக்கிறார். பதவி போகிறது, மணக்கவிருந்த பெண்ணும் விலகுகிறாள். ஒன்பது ஆண்டுகள் கழித்துத்தான் தெரிகிறது, அவர் காப்பாற்றிய அந்தச் சிறுவன் யோஹான் கொலைகாரனாக வளர்ந்திருக்கிறான் என்பது. நல்லது செய்தவன் கையிலேயே அந்தப் பாவத்தின் நூல் சுற்றிக்கொள்கிறது. முடிவை நாங்கள் சொல்லப் போவதில்லை.

யோஹான் யார், எங்கிருந்து வந்தான் என்று தேடிப் போகும்போதுதான் கதாசிரியரின் உழைப்பு விளங்குகிறது. 1989இல் பெர்லின் சுவர் இடிந்தது, 1990இல் இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றாயின. கதையிலோ, கிழக்குப் பக்கம் இருந்த ஓர் அனாதை விடுதியின் இரகசியம் பழைய அரசோடு சேர்ந்து புதைந்துபோகிறது. அதை நடத்தியவர்கள் பெயர் மாற்றிக்கொண்டு எங்கெங்கோ வாழ்கிறார்கள். இல்லாமற்போன ஓர் எல்லையைக் கடந்து துப்புத் தேட வேண்டியிருக்கிறது. விடுதி கற்பனைதான். எல்லையும் அதன் மறைவும் கற்பனையல்ல. ஜெர்மனியின் வரலாற்றை எடுத்துவிட்டால் இந்தக் கதையே நிற்காது.

பிராக் நகரத்துத் துப்பு இன்னும் அழகானது. பழைய பிராக்கில் வீடுகளுக்கு எண் போடுவதற்கு முன் அடையாளச் சின்னம்தான் விலாசம். வாசலுக்கு மேல் இரண்டு சூரியன் செதுக்கியிருந்தால் 'இரண்டு சூரியன் வீடு'. மூன்று பிடில் இருந்தால் 'மூன்று பிடில் வீடு'. அந்தச் சின்னங்களில் பல இன்றும் அந்நகரத் தெருக்களில் இருக்கின்றன. உராசாவா தன் கதைக்கு 'மூன்று தவளை' என்று ஒரு வீட்டுச் சின்னத்தைக் கற்பித்து, குழந்தைப் பருவ நினைவு முழுவதையும் அதில் தொங்கவிட்டார். ஊர்ப் பழக்கம் தெரிந்தவரால்தான் இப்படி ஒரு முடிச்சுப் போட முடியும். நம் தோட்டத்திலும் லயத்துக்கு எண் இருக்கும். ஆனால் யார் எண்ணைச் சொன்னார்கள்? கிணற்றடி லயம், கோயில் லயம் என்றுதானே சொன்னோம்?

குறையில்லாத படமென்று சொல்ல மாட்டோம். நடுவில் இழுக்கிறது. தேடுகிற ஆள் எல்லாம் சொல்லி வைத்தாற்போல் எதிரில் வந்து நிற்கிறார்கள். சிறு பிள்ளைகளுக்கு உகந்ததுமன்று. கொலை நிறைய வருகிறது. வயது வந்த பிள்ளைகளோடு பெரியவர்களும் கூட உட்கார்ந்து பார்க்கலாம்.

அப்படிப் பார்ப்போர் தவறவிடக்கூடாத ஒரு பகுதி உண்டு. பிராங்க்பர்ட் நகரில் துருக்கியர் வாழும் பகுதியைக் கொளுத்திவிட ஒரு கும்பல் திட்டமிடுகிறது. கதைதானே என்று தோன்றும். 1993 மே மாதம், டூசல்டோர்ஃபை அடுத்த ஸோலிங்கன் நகரில் ஒரு துருக்கியக் குடும்பத்தின் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். பெண்களும் சிறுமிகளுமாக 5 பேர் மாண்டார்கள். படக்கதை தொடங்கியது அடுத்த ஆண்டு. ஜெர்மானிய வாசகர் அந்தப் பக்கத்தைப் புரட்டும்போது எதை நினைத்திருப்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதெல்லாம் ஜெர்மனிக்காரர் சரிபார்க்க வேண்டிய சங்கதி, நமக்கு எப்படித் தெரியும் என்று ஒரு நேயர் கேட்கலாம். நாமே சரிபார்க்கக்கூடிய ஜப்பானியப் படம் ஒன்று இருக்கிறது. மர்மக் கதையன்று, ராமாயணம். யூகோ சாகோ என்ற ஜப்பானியர் 1983இல் ராமாயணத்தோடு தொடர்புடைய தொல்பொருள் ஆய்வைப் படமெடுக்க இந்தியாவுக்கு வந்தார். அந்தக் காப்பியத்திலேயே மனம் தோய்ந்து, அதைச் சித்திரப் படமாக்க நினைத்தார். அந்நியர் நம் காப்பியத்தைத் தொடலாமா என்று எதிர்ப்பு எழுந்தது. இந்திய அரசின் கூட்டும் கிடைக்கவில்லை. படம் ஜப்பானிலேயே உருவாயிற்று. ஆனால் இந்தியச் சித்திரப் பட முன்னோடி ராம் மோகனும் அவரோடு சேர்ந்தவர்களும் உடன் இருந்தார்கள். வேட்டி எப்படிக் கட்டுவது, பெரியவர் காலில் பிள்ளைகள் எப்படி விழுந்து ஆசி பெறுவது என்பதுவரை ஜப்பானிய ஓவியர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். 1992இல் படம் முடிந்தது. 2025 ஜனவரியில் தமிழ் பேசியும் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. பார்க்கக் கிடைத்தால் பாட்டிமார் அந்த வேட்டிக் கட்டைக் கவனித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லட்டும்.

நம் தோட்டத்தை இவ்வளவு கவனமாக யார் வரைவார்கள்? நம்மில் பலர் தாமான் வீடுகளுக்குப் பெயர்ந்துவிட்டோம். பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் குடியிருக்கிறார்கள். அவர்களுடைய விடியற்காலை எப்படி இருக்கிறது என்று நாமும் பெரிதாகக் கேட்டதில்லை.

அண்மையில் எங்களுக்குத் தெரிந்த ஒரு பையன், அனிமே பார்த்த சூட்டோடு, தோட்டத்து மர்மக் கதை ஒன்று எழுதிக் கொண்டுவந்தான். கிராணி வீட்டில் நகை திருட்டு. சந்தேகத்துக்குரியவன், "இரவு முழுக்கக் கனமழை. ஆனாலும் விடியலில் நான் நிரையில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன்" என்று சொல்லித் தப்பிவிடுகிறான். திருடன் வேறு யாரோ. பையன் அதை வாசித்துக் காட்டினான். முறத்தில் கருவாடு ஆய்ந்துகொண்டிருந்த பாட்டி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன்டா ஐயா, ராத்திரி பூரா மழைன்னா பட்டையெல்லாம் ஈரமால்ல இருக்கும்? ஈர மரத்துல கத்தி வச்சா பால் கோட்டுல நிக்காது, பட்டை மேலேயே வழிஞ்சு ஓடிரும். காயற வரைக்கும் மண்டோர் மரத்தைத் தொட விடமாட்டார். நாங்க பெரட்டுலேயே குந்திக்கிட்டு இருப்போம். அவன் பொய் சொல்றான்டா."

பையன் ஒன்றும் பேசவில்லை. தாளைத் திருப்பி, பாட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பேனாவைத் திறந்தான். "பெரட்டு எத்தனை மணிக்குப் பாட்டி?" என்று கேட்டான்.