காயினிடம் கேட்ட கேள்வி



நாளிதழில் கொலைச் செய்தி வந்தால் நாம் அதைத்தான் முதலில் படிக்கிறோம். மறுக்க வேண்டாம். 'படுபாவி' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறோம். அப்படிப் புரட்டிவிடாமல், ஒரு கொலையாளியின் எதிரே போய் உட்கார்ந்த ஒரு பெண்ணைப் பற்றி இன்று சிந்திப்போம்.

கித்தா செரெனி வியன்னாவில் பிறந்த பத்திரிகையாளர். 1971-ஆம் ஆண்டு ஜெர்மனியில் டுசல்டார்ஃப் நகரச் சிறைக்குச் சென்று, பிரான்ஸ் ஸ்டாங்கல் என்பவரைச் சந்தித்தார். போலந்து மண்ணில் நாசிகள் அமைத்த ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்குத் தலைவராய் இருந்தவர் அவர். 9 லட்சம் பேரின் கொலையில் பங்குண்டு என்று நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்திருந்தது. செத்தவர்கள் ஏறக்குறைய அனைவரும் யூதர்கள். ரயிலில் வந்து இறங்குகிறவர்களுக்கு ஐயம் எழக் கூடாது என்று அங்கே ஒரு போலி ரயில் நிலையமே கட்டியிருந்தார்கள். அதன் கடிகாரத்தில் முள்ளைக்கூட வர்ணத்தால் வரைந்திருந்தார்கள்.

'அவர்' என்று மரியாதை தருகிறோமே என்று சிலருக்கு உறுத்தலாம். 'அவன்' என்று சொல்லிவிட்டால் நமக்கு எளிது. அவன் வேறு இனம், நாம் வேறு இனம் என்று ஆகிவிடும். ஸ்டாங்கல் ஆஸ்திரியா நாட்டுக் கத்தோலிக்கர். கண்டிப்பான தந்தைக்குப் பயந்து வளர்ந்தவர், பிறகு காவல்துறை ஊழியர். திருச்சபையை விட்டு விலகச் சம்மதம் என்று எழுதிய ஒரு தாளை நீட்டினார்கள், கையெழுத்திட்டார். பின்பு மாற்றுத்திறனாளிகளைக் கொன்ற ஓர் இடத்தில் பணி. அதன்பின் முகாம்கள். வந்து இறங்கிய மக்கள் நாளடைவில் தமக்குச் சரக்காகவே தெரிந்தார்கள் என்று அவரே செரெனியிடம் சொன்னார்.

கொலைகாரனைப் புரிந்துகொள்ளப் போனால் அவனுக்கு வக்காலத்து வாங்கியதாகிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. போர் முடிந்தபின் ஸ்டாங்கல் தப்பி ரோமுக்குப் போனபோது, அங்கிருந்த அலோயிஸ் ஹூடல் என்ற நம் ஆயர் ஒருவர் தங்க இடமும், செஞ்சிலுவைச் சங்கக் கடவுச்சீட்டும், சிரியாவுக்குப் போக வழியும் செய்து கொடுத்தார். தம்மை எதிர்பார்த்திருந்தவர் போலவே அவர் வரவேற்றார் என்கிறார் ஸ்டாங்கல். இதைச் சொல்லக் குருக்களாகிய நமக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் எது வக்காலத்து என்று இங்கே தெரிகிறது அல்லவா? ஆயர் வழியனுப்பி வைத்தார். பத்திரிகையாளரோ 70 மணி நேரம் கேள்வி கேட்டார். ஆண்டவரும் காயினைத் தேடிப்போய், தம்பி எங்கே என்றுதான் முதலில் கேட்டார்.

கடைசிச் சந்திப்பு 1971 ஜூன் 27, ஞாயிற்றுக்கிழமை. தம் மனச்சான்று தெளிவாக இருக்கிறது என்று, நீதிமன்றத்தில் சொன்னதையே ஸ்டாங்கல் திரும்பச் சொன்னார். செரெனி மறுத்துப் பேசவில்லை. பேச எடுத்தும் கொடுக்கவில்லை. காத்திருந்தார். விட்டுவிட்டு வந்த சில வாக்கியங்களுக்கு ஏறக்குறைய அரைமணி நேரம் ஆயிற்று. தாமும் அங்கே இருந்ததை, குற்றத்தில் தமக்கும் பங்கு உண்டு என்பதை, அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னார்.

மறுநாள் நண்பகல் அவர் இதயம் நின்றுபோயிற்று.