விடையைக் கேள்வியாகச் சொன்னவர்

(நமது சங்கத்தின் கல்விப் பரிசளிப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நமக்குக் கொடுத்த தலைப்பு "பொது அறிவின் அவசியம்". பொது அறிவு அவசியமில்லை என்று சொல்பவர் இந்த மும்பை மாநகரிலேயே யாரும் இருக்கமாட்டார். எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒன்றை ஒரு மணி நேரம் நிரூபிப்பதில் என்ன லாபம்? ஆகவே பொது அறிவை மட்டுமே ஆயுதமாக வைத்துக்கொண்டு ஒரு நாட்டையே தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் உட்காரவைத்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறோம். அவர் பெயர் ஏமி ஷ்னைடர். அமெரிக்கர். ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரத்தில் பிறந்து, பிழைப்புக்காகக் கலிபோர்னியாவின் ஓக்லந்து நகரத்தில் குடியிருந்து, கம்ப்யூட்டர் துறையில் வேலை பார்த்தவர். அவர் ஒரு திருநங்கை.

இந்தச் சொல்லைச் சொன்னதும் பின்வரிசையில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பது இங்கிருந்தே தெரிகிறது. சிரியுங்கள், தோழர்களே. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த பிறகும் சிரிப்பு மிச்சமிருந்தால் அப்போது பேசிக்கொள்வோம்.

அந்தப் போட்டியின் பெயர் ஜெப்பர்டி. 1964இல் தொடங்கிய நிகழ்ச்சி. இன்றைய வடிவில் 1984இலிருந்து நடக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் ஒளிபரப்பு. மூன்று பேர் நிற்பார்கள். எதிரே ஒரு பலகை. அதில் ஆறு தலைப்புகள், தலைப்புக்கு ஐந்து கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தொகை. வேடிக்கை என்னவென்றால், நம் ஊர்ப் போட்டிகளைப் போல் அங்கே கேள்வி கேட்பதில்லை. விடையைச் சொல்வார்கள், போட்டியாளர் அதற்குரிய கேள்வியைச் சொல்ல வேண்டும். உதாரணமாக, "1853 ஏப்ரல் 16 அன்று பம்பாயிலிருந்து தாணேவுக்கு ஓடியது" என்று குறிப்பு வந்தால், "இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் எது?" என்று கேள்வியாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். (ரயில்வேக்காரன் வேறு எந்த உதாரணத்தைச் சொல்வான்?)

குறிப்பைப் படித்து முடித்த பிறகுதான் கையில் இருக்கும் பொத்தானை அழுத்தலாம். அவசரப்பட்டு முன்னதாக அழுத்தினால் ஒரு கணம் பொத்தான் வேலை செய்யாது. அந்தக் கணத்தில் அடுத்தவர் முந்திக்கொள்வார். தவறாகச் சொன்னால் அந்தக் கட்டத்தின் தொகை நம் கணக்கிலிருந்து கழிக்கப்படும். தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்பவருக்கு அங்கே உடனடித் தண்டனை. இந்த விதியை நம் அரசியல் மேடைகளுக்குக் கொண்டுவந்தால் எத்தனை பேச்சாளர்கள் கடனாளியாக வீடு திரும்புவார்களோ! கடைசியாக ஒரே ஒரு குறிப்பு. அதற்கு முன்பே, கையில் உள்ளதில் எவ்வளவு பந்தயம் வைக்கிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். 30 விநாடி அவகாசம். ஜெயித்தவர் மறுநாள் புதிதாக இரண்டு பேரோடு மோத வேண்டும். தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இப்படிப்பட்ட இடத்தில் ஏமி 40 ஆட்டங்கள் தொடர்ந்து ஜெயித்தார். 2021 நவம்பர் மாதத்தில் அவருடைய முதல் வெற்றி ஒளிபரப்பானது. 2022 ஜனவரி 26 அன்றுதான் தோற்றார். அதற்குள் அவர் சேர்த்த தொகை 13,82,800 டாலர். அன்றைய மதிப்பில் பத்துக் கோடி ரூபாய்க்கு மேல். அந்த நிகழ்ச்சியின் வரலாற்றில் இப்படித் தொடர்ந்து ஆடி பத்து லட்சம் டாலரைத் தாண்டிய முதல் பெண் அவர்தான். தொடர் வெற்றிகளின் எண்ணிக்கையில் அவருக்கு முன்னே நிற்பவர் ஒரே ஒருவர்: 2004இல் 74 ஆட்டங்கள் ஜெயித்த கென் ஜென்னிங்ஸ். அந்த ஜென்னிங்ஸே பின்னாளில் நிகழ்ச்சியை நடத்துபவராகி, ஏமிக்குக் குறிப்புகளைப் படித்துக் கொடுத்தார் என்பது இன்னொரு சுவை.

இதெல்லாம் ஒரு நாளில் வந்ததா? எட்டாம் வகுப்பிலேயே, இந்த நிகழ்ச்சிக்குப் போகக்கூடியவர் நம்மில் யார் என்று வகுப்புத் தோழர்கள் வாக்களித்தபோது ஏமியைத்தான் தேர்ந்தெடுத்தார்களாம். ஆனால் அந்த மேடையில் அவர் ஏறியபோது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. நடுவில் பத்து வருஷத்துக்கு மேல் முயன்றுகொண்டே இருந்தார். பெற்றோரே, இதைக் கவனியுங்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சையில் ஒரு பாடம் போய்விட்டால் பையனை உடனே பட்டறைக்கு அனுப்பிவிடும் வீடுகள் நம்மிடையே இன்னும் இருக்கின்றன. அவர் மனப்பாடம் செய்து ஜெயித்தவரும் அல்லர். எதையும் ஏன், எப்படி என்று தெரிந்துகொள்ளும் ஆசையும் சிறு வயது முதல் படித்த பழக்கமும்தான் கைகொடுத்தன. வீட்டில் பிள்ளை கேள்வி கேட்டால் "சும்மா கிட" என்று அதட்டுகிறோமே, அந்த அதட்டல் நின்றால் போதும்; பாதி பொது அறிவு செலவில்லாமல் வந்துவிடும்.

சரி, புகழ் வந்ததும் எல்லாம் பூமாலையாக விழுந்ததா? இல்லை. அவர் பெண்ணே இல்லை என்று ஏசியவர்கள் பலர். "பத்து லட்சம் டாலர் தாண்டிய முதல் பெண்" என்ற பெருமையைப் பறிக்கப் பார்த்தார்கள். அவர் கோபத்தில் கத்தவில்லை. ஏசியவர்களுக்கு நகைச்சுவையாகப் பதில் சொல்லிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போனார். 2022 புத்தாண்டு பிறந்த இரண்டாவது நாள், அவருடைய ஊரிலேயே வழிமறித்து அவருடைய போனையும் அட்டைகளையும் பறித்துக்கொண்டு போனார்கள். லட்சங்களை ஜெயித்தவர், இழந்த அடையாள அட்டையை மறுபடி வாங்க அலைய வேண்டியதாயிற்று. ரேஷன் கார்டுக்காக நாம் அலையும் அலைச்சல் நினைவுக்கு வருகிறதல்லவா?

அவர் தோற்ற கதையையும் சொல்லிவிட வேண்டும். கடைசிக் குறிப்புக்கு வரும்போது அவர்தான் முன்னணியில் இருந்தார். குறிப்பு இது: ஆங்கிலத்தில் எழுதும்போது 'ஹெச்' என்ற எழுத்தில் பெயர் முடியும் ஒரே நாடு, மக்கள் தொகையில் உலகின் முதல் பத்து நாடுகளில் ஒன்று. விடை, பங்களாதேஷ். நம் அப்பாமார் 1971இல் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து பிறப்புச் செய்தி கேட்ட நாடு. நம் சங்கத்துப் பிள்ளைகளில் பத்துப் பேராவது சொல்லியிருப்பார்கள். நாற்பது நாள் தோற்காத ஏமிக்கு அந்த 30 விநாடியில் அது வரவில்லை. சிகாகோவிலிருந்து வந்த ஒரு நூலகர் சரியாக எழுதி ஜெயித்துவிட்டார். அதே ஆண்டு நவம்பரில் வெற்றியாளர்களுக்குள் நடந்த போட்டியில் ஏமி மறுபடி வந்து முதலிடம் பெற்று, இரண்டரை லட்சம் டாலர் பரிசும் வாங்கினார்.

தன்னைப் பற்றி அவர் சொன்னதன் சாரம் நமக்கு மிகவும் பிடித்தது. திருநங்கை என்பதில் தமக்குப் பெருமை உண்டு. ஆனால் தாம் அது மட்டும் அல்ல, வேறு பலவும்தான் என்றார். தோழர்களே, இதை நம்மைவிட நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடியவர் யார்? இந்த நகரத்தில் நம் பெரியவர்களை எப்படி அழைத்தார்கள்? "மதராஸி", "லுங்கிவாலா". ஆணா பெண்ணா, படித்தவரா, பட்டறைத் தொழிலாளியா, இட்லி விற்றுப் பிழைப்பவரா என்று யாரும் பார்க்கவில்லை. அறுபதுகளின் கடைசியில் அந்த ஒரே பெயருக்காகக் கடைகள் உடைந்தன, மண்டைகள் உடைந்தன. ஒரு மனிதனை ஒரே ஒரு பெயருக்குள் அடைத்துவைப்பதன் கொடுமையை நாம் புத்தகத்தில் படிக்கவில்லை, முதுகில் வாங்கியவர்கள்.

இன்னொன்றும் உண்டு. வெற்றியைக் காட்டி மட்டும் உங்களை ஏமாற்ற நாம் விரும்பவில்லை. 2022 நவம்பரில், வெற்றியாளர் போட்டி தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்த அதே நாட்களில், ஏமி தாம் பிறந்த ஒஹாயோவின் சட்டமன்றக் குழு முன்னால் போய் நின்றார். பால்மாற்றம் தொடர்பான மருத்துவத்தைப் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குத் தடை செய்யும் மசோதா அங்கே வந்திருந்தது. அந்தப் பிள்ளைகளின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது என்று வாதாடினார். அந்த மசோதா அப்போது நிறைவேறவில்லை. ஆனால் அதே நோக்கத்தோடு வேறொரு மசோதா வந்தது. ஆளுநர் 2023 டிசம்பரில் அதை நிராகரித்தார். 2024 ஜனவரியில் சட்டமன்றம் அவரை மீறி அதைச் சட்டமாக்கியது. 2025 ஜனவரி 20 அன்று, ஆண் பெண் என்ற இரண்டு பாலினங்களை மட்டுமே அமெரிக்க அரசு ஏற்கும் என்று அந்நாட்டு ஜனாதிபதி உத்தரவு போட்டார். நாற்பது முறை ஜெயித்தவரைக் கைதட்டி வரவேற்ற அதே நாடு! கைதட்டல் வேறு, உரிமை வேறு. நம் கூலி உயர்வுப் போராட்டங்களில் இதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்!

ஆனால் அந்தக் கைதட்டல் வீண் என்றும் நாம் சொல்லமாட்டோம். மாலை நேரத்தில் தாத்தா பாட்டிகள் விரும்பிப் பார்க்கும் நிகழ்ச்சி அது. தினமும் வீட்டுக்குள் வந்து, முத்துமாலை போட்டுக்கொண்டு, அமைதியாகப் பதில் சொல்லிப் போகும் பெண்மணியை அந்த முதியவர்களுக்குப் பிடித்துவிட்டது. இப்படித் தங்கள் வீட்டுப் பெரியவர்கள் மனம் மாறினார்கள் என்று திருநங்கையர் பலர் தமக்கு எழுதியதையே பெரிய பரிசாக ஏமி சொல்லியிருக்கிறார்.

நம் தமிழ்நாட்டிலும் வழி பிறக்காமல் இல்லை. 2008இல் இந்தியாவிலேயே முதலாவதாகத் திருநங்கையருக்கென நல வாரியம் அங்கே அமைந்தது. மூன்றாம் பாலினத்தவரின் உரிமையை உச்சநீதிமன்றம் ஏற்றுத் தீர்ப்பளித்தது 2014 ஏப்ரல் 15 அன்று. சேலத்துப் பிரித்திகா யாஷினி சப்-இன்ஸ்பெக்டர் தேர்வுக்கு மனுப் போட்டபோது, படிவத்தில் அவருக்கான கட்டமே இல்லை. மனுவைத் தள்ளினார்கள். அவர் உயர்நீதிமன்றம் போனார். 2015 நவம்பரில் தீர்ப்பு வாங்கினார். 2017இல் தர்மபுரி மாவட்டத்தில் பொறுப்பேற்றார். கவுன்டரில் உட்கார்ந்து படிவங்களோடு காலம் தள்ளும் எங்களைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு இதன் அருமை தெரியும். ஒரு படிவத்தில் ஒரு கட்டம் இல்லையென்றால் ஒரு மனிதரே இல்லாமல் போய்விடுகிறார். இன்று ரயில் முன்பதிவுப் படிவத்தில் அந்தக் கட்டம் இருக்கிறது. 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாமல் "மற்றவர்" என்று பதிவானவர்கள் 4,87,803 பேர். அவர்களில் எழுத்தறிவு 56 சதவிகிதம். நாட்டின் பொது எழுத்தறிவோ 74 சதவிகிதம். ஏன் குறைந்தது? மூளை குறைவா? பள்ளியில் கேலி, வீட்டில் அடி, பிறகு தெரு. லோக்கல் ரயிலில் கைதட்டிக் காசு கேட்கிறார்களே என்று முகம் சுளிக்கிறோம். அவர்கள் எந்த வகுப்பில் பள்ளியை விட்டார்கள் என்று நம்மில் ஒருவராவது கேட்டதுண்டா?

இப்போது நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். நமது சங்கத்தின் இரவு வகுப்பில் சேர்ந்து பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத வேண்டும் என்று மூன்று திருநங்கையர் மனுக் கொடுத்திருக்கிறார்கள். மூவரும் நம் தமிழ்ப் பிள்ளைகள். பிழைப்புத் தேடி நம்மைப் போலவே ரயிலேறி வந்தவர்கள். "நம் பிள்ளைகள் வந்து போகும் இடமாயிற்றே" என்று சில தோழர்கள் தயங்குகிறார்கள். சில தாய்மார்கள் நம்மிடமே வந்து சொன்னார்கள். தயக்கத்தை மூடி மறைக்காமல் முகத்துக்கு நேரே சொன்னதற்கு நன்றி. அவர்களைக் கேட்கிறோம்: அம்மா, வகுப்பில் வாத்தியார் இருக்கிறார், செயற்குழுவிலிருந்து தினமும் ஒருவர் இருக்கிறார், கதவு திறந்தே இருக்கிறது. பாடப் புத்தகத்தோடு வந்து பெஞ்சில் உட்காருபவரால் உங்கள் பிள்ளைக்கு என்ன கெட்டுவிடும்? நாளைக்கு இந்தக் கூட்டத்தில் ஒரு வீட்டில் அப்படி ஒரு பிள்ளை வளர்ந்தால், அதுவும் ஓடிப்போய்த் தெருவில் நிற்கத்தான் வேண்டுமா?

அந்த மூவரும் நாற்பது ஆட்டம் ஜெயித்துவிட்டு வரட்டும், பிறகு சேர்த்துக்கொள்வோம் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். நம் பிள்ளைகளை வகுப்பில் சேர்க்கும்போது அப்படி யாரும் நிபந்தனை போடவில்லை.

மனு வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குச் செயற்குழு முன்னால் எடுத்துக்கொள்ளப்படுகிறது. உறுப்பினர் எவரும் வந்து பேசலாம். ஆட்சேபணை உள்ளவர்களும் கட்டாயம் வரவேண்டும். மூவரையும் அன்று வரச் சொல்லியிருக்கிறோம். அவர்களில் ஒருவர் கணக்கில் கெட்டிக்காரர் என்று கேள்வி. கணக்கு வாத்தியார் ஊருக்குப் போயிருக்கும் இந்த மாதத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்க ஆள் தேவைப்படுகிறது என்பதையும் செயற்குழுவின் கவனத்துக்கு இப்போதே கொண்டுவருகிறோம்.