தோட்டத்துத் தாள்களும் நூலகத்துத் தட்டுகளும்



கோலசிலாங்கூர் மாவட்டத்தில், இன்று பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய பத்தாங் பெர்சுந்தையை அடுத்துத் தென்னமரம் என்றொரு தோட்டம் உண்டு. இந்நாட்டில் செம்பனை முதன்முதலாக வணிகப் பயிராக 1917ஆம் ஆண்டு நடப்பெற்றது அங்கேதான். நட்டவர் ஆன்ரி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் என வரலாற்று நூல்கள் எழுதும். குழி வெட்டிய கைகளை எண்ணும்பொழுது, 'நட்டவர்' என்னும் சொல்லில் எமக்குச் சிறிது தயக்கம் உண்டு. அவர் எழுதிய 'மலேசி' என்னும் புதினம் 1930இல் கொன்கூர் பரிசு பெற்றது. பெருநூலகங்களில் இன்றும் அது கிடைக்கும். குழி வெட்டியோர் புதினம் எழுதவில்லை. எனினும், அவர்கள் எதுவுமே எழுதவில்லை என்று கொள்ளுதல் பிழை.

கோயில் திருவிழாவின் வரவு செலவுக் கணக்கு, திருமண மொய்க் குறிப்பு, இளைஞர் மன்றத்துக் கூட்டக் குறிப்பு, மேடை நாடகத்தின் கையெழுத்துப் படி, ஊரிலிருந்து வந்த அஞ்சல்கள் என அவர்கள் எழுதியவை பல.

சில ஆண்டுகளுக்கு முன், வட சிலாங்கூரில் ஒரு தோட்டம் மூடப்படவிருந்த காலம். அங்குக் கோயில் பொறுப்பிலிருந்த முதியவர் ஒரு தகரப்பெட்டியை எம்முன் திறந்து வைத்தார். முப்பதாண்டுக் கணக்கேடுகள். 'பெரட்டு' என்னும் சொல் ஓரிடத்தில் அவ்வாறும், பிறிதோரிடத்தில் 'பிரட்டு' என்றும் எழுதப்பட்டிருந்தது. 'பரேடு' என்னும் ஆங்கிலச் சொல் விடியற்காலை ஆள்கணக்கெடுப்பின் பெயராகித் தமிழுக்குள் குடியேறிய தடம் அது. 'தண்டல்' இருந்தது, மலாயில் 'தண்டில்' என வழங்குவதும் அச்சொல்லே. பால் வடியும் கிண்ணத்திற்கு 'மங்கு' என்று எழுதியிருந்தார்கள். ஒரு சொல் இன்ன ஆண்டில், இன்ன ஊரில், இன்ன பொருளில் வழங்கியது என்பதற்கு நாளிட்ட ஏட்டைக்காட்டிலும் நல்ல சான்று மொழியியலார்க்கு வாய்ப்பதரிது.

பெட்டியை ஒரு நூலகத்திற்குக் கொண்டு சென்றோம். இவை நூல்கள் அல்லவே, ஆசிரியர் பெயரில்லையே, எந்தப் பிரிவில் பதிவது என்று வினவித் திருப்பி அனுப்பினர். முதியவர் குடும்பம் அடுக்குமாடி வீட்டிற்குப் பெயர்ந்தது. மறுமுறை யாம் சென்றபொழுது பெட்டி இருந்தது. அதனுள் செருப்புகள் இருந்தன. அன்றே ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வைத்திருக்கலாம். அதனைச் செய்யாதது எம் குற்றம்.

இத்தகைய இழப்பு நமக்கு மட்டும் உரியதன்று. புவேர்த்தோ ரிக்கோவில் பிறந்த ஆர்தூரோ சோம்பர்க்கிடம், கறுப்பின மக்களுக்கு வரலாறே இல்லை என்று பள்ளியாசிரியர் ஒருவர் சொன்னாராம். அதற்கு மறுப்பாக அவர் வாழ்நாளெல்லாம் நூல்களையும் கையெழுத்துப் படிகளையும் படங்களையும் துண்டு வெளியீடுகளையும் தேடித் திரட்டினார். 1926இல் நியூயார்க் பொதுநூலகம் அத்தொகுப்பை விலைக்கு வாங்கி, கறுப்பின மக்கள் செறிந்து வாழ்ந்த ஹார்லத்துக் கிளையிலேயே வைத்தது. அவருடைய மக்கள் நடந்து சென்று பார்க்கும் தொலைவில் அது இருந்தது என்பதே எம்மை மிகவும் ஈர்த்த செய்தி.

நம்மிடம் அடித்தளம் இல்லாமலில்லை. இராம சுப்பையா தொகுத்த 'தமிழ் மலேசியானா' என்னும் நூற்பட்டியலை மலாயாப் பல்கலைக்கழக நூலகம் 1969இல் வெளியிட்டது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அச்சான தமிழ் நூல்களையும் இதழ்களையும் அறிய விழைவோர்க்கு அது பெருந்துணை. அச்சேறாதவற்றைப் பட்டியலிடுவது அதன் பணியன்று. அது நம் பணி.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். வெள்ளைத் துரை எதிர்ப்பட்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று. அதனை நாம் பெரும்பாலும் ஆங்கில அறிக்கைகள் வழியாகவே அறிகிறோம். அன்று லயத்து வாசலில் அது எந்தத் தமிழில் பேசப்பட்டிருக்கும்? யாரேனும் ஒரு கணக்கேட்டின் பின்பக்கத்தில் குறித்து வைத்திருக்கக்கூடும்.

ஆதலின், ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக் பக்கங்களிலிருந்து இங்கு வந்திருப்போரிடம் ஒரு வேண்டுகோள். வீட்டிலுள்ள பழைய ஏடுகளைத் தூய்மை செய்ய முற்படாதீர்கள். எழுத்துப்பிழைகளைத் திருத்தாதீர்கள், எமக்கு வேண்டுவது அப்பிழைகளே. எந்தத் தோட்டம், யார் கையெழுத்து என்பதைத் தனித்தாளில் பென்சிலால் எழுதி உள்ளே வையுங்கள். நூலகத்தார் ஏற்கும்வரை, பெட்டியை நிலத்தில் வைக்காமல் சற்று உயரத்தில் வையுங்கள், கரையான் காத்திருக்காது.