உத்தம தியாகமும் ஆற்றங்கரை உழவரும்

(தசலட்சண பர்வத்தின் எட்டாம் நாள் சொற்பொழிவு)



இந்நாள் உத்தம தியாகத்துக்கு உரியது. தியாகம் என்றவுடன் ஆகாரம், ஔடதம், சாஸ்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்கள் நினைவுக்கு வரும். இவற்றுள் அபயதானத்தை உயிர்க்கொலை தவிர்த்தல் என்ற அளவில் பலர் நிறுத்திக்கொள்கின்றனர். அஞ்சி வாழ்வோரின் அச்சத்தைப் போக்குதலும் அபயதானமே. ஆற்றங்கரை வயல்களில் அச்சத்தோடு உழுபவர்களைப் பற்றியது இவ்வுரை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை, அடுத்த நாளில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. ஆண்டு முழுதும் பெய்ய வேண்டியதில் ஏறக்குறையப் பாதி அது. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி நீர் தென்பெண்ணையில் திறக்கப்பட்டது. திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் கரையோர ஊர்களுக்குள் ஆறு புகுந்தது. செஞ்சிப் பக்கத்துச் சங்கராபரணியும் பெருகிற்று.

நகரத்தில் இருப்போர் வெள்ளம் வடிந்தால் துன்பம் முடிந்தது என எண்ணுவர். உழவனுக்கு அது வடிந்த பின்னரே தொடங்குகிறது. நின்ற சம்பாப் பயிர் சில நாள் நீரில் மூழ்கினாலும் ஓரளவு தேறக்கூடும். மணல் மூடிய பயிர் தேறாது. வண்டல் படிந்தால் நிலத்துக்கு நன்மை. மணல் படிந்தால் அதை அள்ளி அகற்றும் வரை ஏர் இறங்காது. வரப்பு உடையும், கிணறு தூரும், மோட்டார் கெடும். வைக்கோல் போர் மிதந்து போனால் எஞ்சிய மாடுகளுக்குத் தீவனம் இல்லை; அவற்றைக் கிடைத்த விலைக்கு விற்றுவிடுவான். பால் காசும் அன்றோடு நின்றுவிடும். அடுத்த பருவத்துக்கு வைத்திருந்த விதைநெல் மூட்டையிலேயே முளைத்துக் கிடக்கும். நடவுக்கு வாங்கிய கடன் மட்டும் நனையாமல் இருக்கும்.

அரசு நிவாரணம் அறிவித்தது. 33 விழுக்காட்டுக்கு மேல் சேதமுற்ற பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500 ரூபாய். நெல்லுக்கு ஏக்கர்க் கணக்கில் ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. செலவை நோக்க இது சிறு தொகைதான். அச்சிறு தொகையும் யாருக்குப் போகிறது என்பதே கேள்வி. பட்டாவையும் அடங்கலையும் பார்த்துத்தான் கணக்கு எடுக்கப்படுகிறது. வாய்ச்சொல்லால் குத்தகையோ வாரமோ பேசி உழுபவன் பெயர் பெரும்பாலும் அவ்விரண்டிலும் இல்லை.

இங்கேதான் இச்செய்தி நைனார் குடும்பங்களைத் தொடுகிறது. இருடபதேவர் வகுத்த ஆறு தொழில்களுள் கிருஷியும் ஒன்று; வந்தவாசி, செஞ்சி, திண்டிவனப் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக அதையே மேற்கொண்ட சமூகம் இது. இன்று பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் பணியில் உள்ளனர். நிலம் ஊரில் இருக்கிறது; உழுபவர் வேறொருவர். எழுதிக் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போகும் என்று உரிமையாளர் தயங்குகின்றனர். 1955-ஆம் ஆண்டின் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும் 1969-ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டமும் இருக்கையில் அத்தயக்கத்தை வீண் என்று தள்ளிவிட இயலாது. பதிவு செய்வதா என்பதை வழக்கறிஞரைக் கேட்டு அவரவர் முடிவு செய்யட்டும்.

ஆனால் எந்தச் சட்டமும் குறுக்கே நில்லாத செயல்கள் இரண்டு உண்டு. ஒன்று, தம் கணக்கில் வந்து சேர்ந்த பயிர் நிவாரணத்தைப் பயிரிட்டவனிடம் முழுமையாகக் கொடுத்துவிடுதல். இதைத் தானம் என்றுகூடச் சொல்லலாகாது. தாம் நடாத பயிருக்குரிய பணத்தை வைத்துக்கொள்வது கள்ளாமை என்னும் அணுவிரதத்துக்கே ஊறு. மற்றொன்று, வெள்ளம் வந்த ஆண்டின் குத்தகையை விட்டுக்கொடுத்தல். தன்னுடையதை விடுவதால் தியாகம் என்ற பெயர் இதற்குத்தான் பொருந்தும். “அடுத்த போகத்தில் சேர்த்துக் கொடு” என்பது விட்டுக்கொடுத்தல் ஆகாது. அது கடனைத் தள்ளி வைத்தல்.

பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரரும் சேரலாம். சம்பா நெல்லுக்கு உழவர் செலுத்துவது காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காடு மட்டுமே. அதற்குக் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் சான்று வேண்டும்; உரிமையாளர் முகம் சுளித்தால் அது கிடைப்பது அரிது. சேர்வதற்கான நாள் வழக்கமாக நவம்பர் நடுவில் முடிகிறது. பர்வம் நிறைவுற்று ஊருக்குச் செல்வோர் நிலத்தைப் பார்த்துத் திரும்பும் முன், உழுபவரை அழைத்துக்கொண்டு ஒருமுறை அவ்வலுவலகத்துக்கும் சென்று வரலாம்.